கரும்பித்தம் முதல் ரத்தப் பரிசோதனை வரை

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடையை முடித்துவிட்டு, காந்தி சிலைக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐவரும் பென்ஷன்காரர்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் சர்க்கரை, கொலஸ்ட்ரால், முழங்கால் என்றுதான் முடியும். அன்று ஒரு நண்பர் கைப்பேசியில் தமக்கு வந்த செய்தி ஒன்றைக் காட்டினார்.

"பாத்தீங்களா, டிப்ரஷன் இருக்கா இல்லையான்னு இனிமே ரத்தத்துலயே பாத்துச் சொல்லிடலாமாம். எந்த மாத்திரை கேக்கும்னுகூட முன்னாடியே தெரிஞ்சுடுமாம். நீங்க இதெல்லாம் படிக்கிற ஆள், உண்மையா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. 1984-இல் நான் எழுதிய ஒரு ஆபீஸ் நோட்டு நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். மனத்தின் நோயை உடம்பின் திரவத்தில் தேடும் ஆசை நேற்று பிறந்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் முசியே ஒருநாள் 'மெலாங்கொலி' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டினார். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு, 'கோலே' என்றால் பித்தம். கரும்பித்தம். ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த மருத்துவர்கள் உடம்பில் நான்கு திரவங்கள் இருப்பதாக நம்பினார்கள்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கரும்பித்தம் மிகுந்தால் மனிதன் காரணமில்லாத துயரத்திலும் அச்சத்திலும் விழுவான் என்பது அவர்கள் கணக்கு. பிரெஞ்சில் இன்றும் 'யூமேர்' என்றால் மனநிலை. பழைய பொருளில் அதே சொல்லுக்கு உடம்பின் திரவம் என்று அர்த்தம். அதிகமாகக் கவலைப்படுபவனைப் பார்த்து 'பித்தம் உண்டாக்கிக்கொள்கிறான்' என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். நம் வீட்டுப் பாட்டிகள் மட்டும் என்ன? 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்றார்கள். பித்து, பித்தன், பித்தம் எல்லாம் நமக்கும் ஒரே வீட்டுச் சொற்கள்தான்.

ஆனால் அந்தக் கரும்பித்தத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. அப்படி ஒரு திரவம் உடம்பில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை வெளியேற்றுவதற்காக நூற்றாண்டுக் கணக்கில் நோயாளிகளுக்குப் பேதி கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பினேலின் மாணவர் எஸ்கிரோல் என்ற பாரிஸ் மருத்துவர், 'மெலாங்கொலி' என்ற பெயரே கவிஞர்களுக்கு உரியது, மருத்துவத்துக்கு வேண்டாம் என்று கருதி, 'லிபெமானி' என்று வேறு பெயர் வைத்தார். பெயர் நிலைக்கவில்லை. நோய் நிலைத்தது.

பிறகு ஒரு பெரிய வெற்றி வந்தது. அந்த வெற்றிதான் பிற்பாடு வந்த எல்லா ஆசைகளுக்கும் விதை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கால மனநோய் விடுதிகளில் ஒருவகை நோயாளிகள் நிறையப் பேர் இருந்தார்கள். முதலில் தற்பெருமைப் பேச்சு, பிறகு நினைவு தடுமாற்றம், பிறகு கைகால் வாதம், கடைசியில் சாவு. 1822-இல் பாரிஸில் பேய்ல் என்ற இளம் மருத்துவர் தம் ஆய்வேட்டில், இது தனி நோய், மூளையின் உறையில் அழற்சி இருக்கிறது என்று எழுதினார். 1906-இல் பெர்லினில் வாசர்மன் சிபிலிஸ் என்ற மேகநோயைக் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனையை அமைத்தார். 1913-இல் நியூயார்க்கில் நொகுச்சியும் மூரும் அந்த வாத நோயாளிகளின் மூளையிலேயே சிபிலிஸ் கிருமியைக் காட்டினார்கள். பின்னாளில் பென்சிலின் வந்தது. விடுதிகளை நிரப்பிய அந்த நோயே ஏறக்குறைய மறைந்தது.

யோசித்துப் பாருங்கள். பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டவருக்கு ரத்தத்தில் விடை கிடைத்துவிட்டது. மற்ற மனநோய்களுக்கும் இப்படியே ஒவ்வொரு பரிசோதனையாக வந்துவிடும் என்று மருத்துவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

மனச்சோர்வுக்கு மட்டும் அப்படி வரவில்லை. அதற்கான மருந்துகள் வந்ததுகூட எதிர்பாராமல்தான். 1952-இல் பாரிஸில் சேந்த்-ஆன் மருத்துவமனையில் டெலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது ஒரு திருப்பம். அது மனச்சோர்வு மருந்தல்ல, ஆனால் மாத்திரையால் மனநோயைத் தொட முடியும் என்று உலகுக்குக் காட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்து கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள், பசிக்கிறது என்றார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனத்தில் வேலை செய்தது. சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், இமிப்ரமின் என்ற இன்னொரு மருந்து சோர்வுற்றவர்களைத் தேற்றுவதைக் கண்டு 1957-இல் அறிவித்தார்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகை நாம் பழங்காலமாக அறிந்தது. 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் அது ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1952-இல் சுவிஸ் நாட்டு சீபா நிறுவனத்தார் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தால், மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்கள் குறைந்தன. புதிய மருந்துகளோ அவற்றைக் கூட்டின. 'குறைந்தால் சோர்வு, கூடினால் தெளிவு' என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது. 1965-இல் அமெரிக்காவில் ஷில்ட்கிராட் இதைக் கட்டுரையாக வகுத்தார். கவனித்தீர்களா, மறுபடியும் ஒரு திரவக் கணக்கு! கரும்பித்தம் மிகுதி என்றது போய், செரட்டோனின் குறைவு என்றாயிற்று. ஆனால் ரத்தத்தை எடுத்துச் செரட்டோனின் அளவைப் பார்த்து 'இவருக்கு மனச்சோர்வு' என்று சொல்ல அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது. ரத்தத்திலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் உண்டாவது. அது மூளைக்குள் நுழைவதில்லை.

அடுத்து வந்ததுதான் மிகப் பெரிய நம்பிக்கை. மனம் பெரிதும் சோர்ந்தவர்கள் பலரின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பது 1960-களில் தெரியவந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தருவது அது. வெளியிலிருந்து டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்தால், 'போதும், நிறுத்து' என்று மூளைப் பக்கமிருந்து உத்தரவு போய், அட்ரினல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இது வழக்கமான நடைமுறை. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு இந்த உத்தரவு எடுபடவில்லை என்பதை மெல்பர்னில் பெர்னார்ட் கேரல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1968-இல் எழுதினார்கள். பிறகு கேரல் அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனார். 1981-இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரை, கடுமையான சோர்வுக்கு இது ஓர் ஆய்வுக்கூடப் பரிசோதனை என்றே பெயர் சூட்டியது.

முறை எளியது. இரவில் ஒரு மில்லிகிராம் மாத்திரை. மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் கார்ட்டிசால் இருந்தால் பரிசோதனை 'பாசிட்டிவ்'. நோயுள்ளவர்களில் 67 விழுக்காட்டினரை இது பிடிக்கிறது, அந்த நோய் இல்லாதவர்களில் 96 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றது அந்தக் கட்டுரை. அமெரிக்க மருத்துவமனைகள் பலவும் அதைக் கையில் எடுத்தன.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். எனவே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் 50 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 67 விழுக்காடு என்றால் 33 அல்லது 34 பேர் சிக்குவார்கள். மீதி 16, 17 பேருக்கு 'உனக்கு ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட் கிடைக்கும். நோயில்லாத 950 பேரில் 4 விழுக்காடு, அதாவது 38 பேருக்கு, நோய் இருப்பதாக ரிப்போர்ட் வரும். ஆக, 'பாசிட்டிவ்' என்று வருபவர்களில் பாதிக்கு மேல் நோயே இல்லாதவர்கள்! கட்டுரையில் பளிச்சென்று தெரிந்த எண்கள் தெருவுக்கு வந்ததும் இப்படி ஆகிவிடுகின்றன.

நடைமுறையில் இதைவிடவும் மோசமானது. உடம்பு இளைத்தவர்கள், மதுவை நிறுத்தியவர்கள், மறதி நோயுள்ள முதியவர்கள், வேறு நோயால் படுத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பாசிட்டிவ் வந்தது. 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அமைத்த குழு, இதை வழக்கமான பரிசோதனையாக நம்பிவிட வேண்டாம் என்று எச்சரித்தது. சில ஆண்டுகளில் அந்த அலை அடங்கிவிட்டது.

இந்த நூற்றாண்டில் தேடல் வேறு பக்கம் திரும்பியது. இன்டர்ஃபெரான் என்ற மருந்து உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும். அதைப் புற்றுநோய்க்காகப் பெற்றவர்கள் பலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். 2001-இல் வந்த ஆய்வொன்றில், மனச்சோர்வு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தவர்களில் 11 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை கொடுத்தவர்களில் 45 விழுக்காட்டினரும் சோர்வுற்றார்கள். ஆக, உடம்பின் அழற்சிக்கும் மனத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் மற்ற மூவருக்கு இல்லை. வாத வலி, பல் ஈறு நோய், உடல் பருமன், புகை எல்லாவற்றிலும் இது ஏறும். எனவே இதை வைத்து 'உனக்கு மனச்சோர்வு' என்று சொல்ல முடியாது.

ஆனால் எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று ஊகிக்க உதவலாம் என்கிறார்கள். 2013-இல் அட்லாண்டாவில், எந்த மருந்துக்கும் மசியாத 60 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு. பாதிப் பேருக்கு இன்ஃப்ளிக்சிமேப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மருந்து. மொத்தத்தில் வித்தியாசமில்லை. ஆனால் சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்தவர்கள் மட்டும் மருந்தால் தேறும் போக்குத் தெரிந்தது. 2014-இல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு ஆய்வில், சி.ஆர்.பி. 1-க்குக் கீழே இருந்தவர்களுக்கு எசிட்டலோப்ராமும், அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலினும் கூடுதலாகப் பலன் தந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒரு மருத்துவர் உங்கள் விரலைப் பிடித்துச் 'இந்த மாத்திரைதான்' என்று சொல்லும் உறுதி இன்னும் வரவில்லை.

அந்த உறுதி எவ்வளவு தேவை என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். என் மனைவி காலமான அடுத்த ஆண்டு, நான் காலையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு மதியம் வரை பிரிக்காமலே உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு மண் போல இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். மகள் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி-12 எல்லாம் எடுக்கச் சொன்னார். எல்லாம் நார்மல்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லைதானே டாக்டர்?" என்றேன்.

"ஐயா, தைராய்டு குறைஞ்சாலும், ரத்தம் குறைஞ்சாலும் இதே மாதிரி இருக்கும். அதெல்லாம் இல்லைன்னு உறுதி பண்ணத்தான் ரத்தம் எடுத்தேன். உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு நான் எங்க சொன்னேன்?" என்றார்.

பிறகு தூக்கம், பசி, ஆர்வம், குற்றவுணர்வு என்று ஒன்பது கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டார். இப்படிக் கேள்வி கேட்டு அளக்கும் முறைக்கும் வயதாகிவிட்டது. இங்கிலாந்தில் மேக்ஸ் ஹாமில்டன் 1960-இலேயே ஓர் அளவுகோல் வெளியிட்டார். இன்றுவரை இந்த நோய்க்கு அளவுகோல் பேச்சும் காதும்தான். எனக்கு முதல் மாத்திரை ஐந்து வாரம் சாப்பிட்டும் பலன் தரவில்லை. இரண்டாவது மாத்திரைதான் மெல்ல மெல்லத் தூக்கிவிட்டது. அமெரிக்காவில் 2006-இல் முடிந்த பெரிய ஆய்வில்கூட, முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். அந்த ஐந்து வாரம் எவ்வளவு நீளம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அதை மிச்சப்படுத்தும் ரத்தப் பரிசோதனை ஒன்று வந்தால் முதல் ஆளாகக் கை நீட்டுவேன்.

இப்போது அந்த 1984-ஆம் ஆண்டு நோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம், 'அண்ணன்' என்றே சொல்கிறேன். எனக்குப் பிரெஞ்சு வழிப் படிப்பு. ஆபீசிலோ எல்லாம் ஆங்கிலம். சேர்ந்த புதிதில் ஒரு வரி நோட்டு எழுதுவதற்குள் வியர்த்துவிடும். பக்கத்தில் உட்கார வைத்து, பென்சிலால் திருத்தித் திருத்தி, எனக்கு ஆங்கிலத்தில் நோட்டு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். அப்படிப்பட்டவர் ஒருகட்டத்தில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு சும்மா உட்கார ஆரம்பித்தார். தாமதமாக வந்தார். பிறகு இரண்டு மாதம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தார். 'நரம்புத் தளர்ச்சி' என்று அதில் எழுதியிருந்தது.

லீவு ஃபைல் என் மேசைக்குத்தான் வந்தது. மேலதிகாரிக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. "ஆளு நல்லாத்தானே இருக்கான்? ரிப்போர்ட் ஏதாவது வச்சிருக்கானா பாரு" என்றார். நான் பார்த்தேன். இல்லை. 'நோயை உறுதிப்படுத்தும் ஆய்வுக்கூட அறிக்கை எதுவும் இணைக்கப்படவில்லை' என்று நோட்டு எழுதினேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த அதே ஆங்கிலத்தில், ஒரு பிழைகூட இல்லாமல். இரண்டு மாதமும் அனுமதியில்லாமல் வராத நாள்களாயின. சம்பளம் போனது. இன்க்ரிமென்ட் தள்ளிப் போனது. பின்னாளில் பென்ஷன் கணக்கிலும் அது வந்து நின்றது.

அவர் என்னிடம் கோபிக்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் மட்டும் சொன்னார்: "தம்பி, காய்ச்சல்னா தர்மாமீட்டர்ல காட்டலாம். இதை எதுல காட்டுறது?"

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் இதைக் காட்டவே ஒரு பரிசோதனையைப் பரபரப்பாகச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது, பல காலம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அன்று அது நம் ஊரில் இருந்திருந்தால் அண்ணன் தப்பியிருப்பாரா? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். மூவரில் ஒருவரை அது விட்டுவிடும். அவர் அந்த ஒருவராக இருந்து, ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வந்திருந்தால், அதையும் நான் பின் குத்தி ஃபைலில் சேர்த்து, இன்னும் உறுதியாக ஒரு நோட்டு எழுதியிருப்பேன்.

தவறு ரிப்போர்ட் இல்லாததில் இல்லை. சர்ட்டிபிகேட் இருந்தது. ஒரு டாக்டர் அவரோடு உட்கார்ந்து பேசி, கேட்டு, கையெழுத்துப் போட்டிருந்தார். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் அனுப்ப விதியில் இடமும் இருந்தது. அதை நான் நோட்டில் எழுதவில்லை. அண்ணன் போன பிறகு அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மாள், "அவருக்குத் தெரியும் தம்பி, உங்க கையெழுத்து அவருக்குத் தெரியாதா?" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, நடைக்கு வரும் என் நண்பருக்கும் வாசக அன்பர்களுக்கும் நான் சொல்வது இதுதான். ரத்தப் பரிசோதனை வரட்டும், வரவேற்போம். ஆராய்ச்சி செய்பவர்கள் வெறும் ஆசையில் செய்யவில்லை. ஆனால் இன்று யாராவது ரத்தத்தை மட்டும் பார்த்து மனச்சோர்வு உண்டு, இல்லை என்று சொன்னால், காசைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பவில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் மருத்துவரிடம் போய் வாயால் சொல்லுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொன்னால் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டில் யாராவது, 'எனக்கு முடியல' என்று சொன்னால், ரிப்போர்ட் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டவன் சொல்கிறேன்.